தழும்பும் வடுவும்: தழும்புத் திருத்த அறுவையின் வரலாறும் நம் மொழியின் கடனும்

மொழி குறித்த பொழிவு வரிசையில் அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேச முற்படுவது பொருந்துமா என்னும் ஐயம் அவையோருள் சிலர்க்கு எழலாம். ஐயம் இயல்பானதே. ஆயினும் உடலில் விழும் குறி எதுவும் உடலோடு நின்றுவிடுவதில்லை. அதனைக் காண்போர் அதற்கு ஒரு பெயர் இடுகின்றனர். அப்பெயரைக் கொண்டே அவ்வுடலுக்கு உரியவரையும் அளக்கின்றனர். தீப்பட்ட தோலும் நோய் தின்ற மூக்கும் மருத்துவர்க்கு உரிய பொருள்கள். அவற்றுக்கு ஊரார் இடும் பெயர் மொழியாராய்ச்சிக்கு உரிய பொருள். இவ்விரண்டும் சந்திக்கும் இடம் தழும்புத் திருத்த அறுவை. அதனால் விளையும் நன்மை யாது, அந்நன்மை எங்கே முடிகிறது, அது முடியும் இடத்தில் மொழியைப் பேசுவோராகிய நம் கடன் எங்கே தொடங்குகிறது என்பனவே இப்பொழிவின் வினாக்கள்.

இரு சொற்கள்

புண் ஆறிய பின் தோலில் எஞ்சும் குறியைத் தமிழ் இரு சொற்களால் வழங்குகிறது. ஒன்று தழும்பு, மற்றொன்று வடு. அகராதிகள் இரண்டையும் ஒரு பொருட் சொற்களாகக் காட்டினும், வழக்கில் இவை சென்ற வழிகள் வேறு.

தழும்பு என்னும் சொல்லில் உராய்வும் பழக்கமும் உள்ளன. ஒன்றை இடைவிடாது சொல்வதை 'நாத்தழும்பேறச் சொல்லுதல்' என்கிறோம். மலையாளத்தில் இதன் இனச்சொல்லாகிய 'தழம்பு' உழைப்பால் கையில் காய்த்த தடிப்பைக் குறிக்கிறது. ஆகவே தழும்பு உடல் பட்டறிந்ததன் பதிவு. அதில் பழி இல்லை. சங்கப் பாடல்கள் ஊணூரை ஆண்ட தழும்பன் என்னும் தலைவனைப் போற்றுகின்றன. பெண்யானை மிதித்ததால் வழுதுணங்காய் வடிவில் அமைந்த தழும்பே அவன் பெயருக்குக் காரணம் என்பர் உரையாளர். கத்தரிக்காய் போன்றதொரு தழும்பைப் பெயராகச் சூடி, அப்பெயராலேயே புகழ் பெற்றான் ஒருவன் என்பது எண்ணத்தக்கது.

வடு அவ்வாறன்று. அது உடற்குறியைச் சுட்டுவதோடு குற்றம், பழி, மாசு ஆகியவற்றையும் சுட்டும். குடிகளைக் காக்கும் பொருட்டுக் குற்றம் செய்தவரை ஒறுத்தல் வேந்தனுக்கு வடு ஆகாது, அவன் தொழிலே ஆகும் என்று குறள் கூறுமிடத்தில், வடு என்பதற்குத் தோலோடு தொடர்பே இல்லை. மற்றொரு குறளில் தீயினால் சுட்டது புண் என்றும் நாவினால் சுட்டது வடு என்றும் வள்ளுவர் பிரித்து வைத்தார். புண் உள்ளே ஆறிவிடும், வடு ஆறாது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுமாறு அவையோரை வேண்டுகிறோம். இனிக் கூறப்போவன யாவும் இதனை அடியொற்றியவை.

ஒரே காயம் ஓரிடத்தில் தழும்பாகவும் வேறிடத்தில் வடுவாகவும் ஆவதற்குப் பழைய சான்று வெண்ணிப் போர். கரிகாலனோடு பொருத சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான் என்று புறநானூறு கூறுகிறது. அதே படை மார்பில் பட்டிருப்பின் அது விழுப்புண். தோலுக்கு மார்பும் முதுகும் ஒன்றே. ஆறும் முறையும் ஒன்றே. பொருளை வேறாக்கியது காண்போர் கண்.

மூக்கறுத்தலும் மூக்கமைத்தலும்

முகத்தில், அதிலும் மூக்கில், ஏற்படும் சிதைவு எங்கும் அவமதிப்பின் குறியாகவே கொள்ளப்பட்டது. ஒருவரை அவையில் தலைகுனியச் செய்வதை 'மூக்கறுத்தல்' என்று இன்றும் சொல்கிறோம். இத்தொடர் வெறும் உவமை அன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து எதிர்ப்பட்டோரின் மூக்கை அறுத்தது. இராமநாதபுரத்துச் சேதுபதியின் துணையோடு மதுரைப் படை அதனைத் துரத்திச் சென்று, அவ்வாறே பழி தீர்த்தது. வரலாற்றில் இது மூக்கறுப்புப் போர் எனப்படுகிறது. கொல்லாமல் விடப்பட்டவன் தன் தோல்வியை வாழ்நாள் முழுதும் முகத்தில் தாங்கித் திரிய வேண்டும் என்பதே அத்தண்டனையின் நோக்கம்.

தண்டனை எங்கு மிகுந்ததோ அங்கேயே மருத்துவமும் வளர்ந்தது. மூக்கிழந்தவர்க்குத் தோலை எடுத்து மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் விளக்குகிறது. இழந்த பகுதியின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதன்படி கன்னத் தோலை எடுத்துப் பொருத்துவது அம்முறை. கிழிந்த காதுமடலைச் சேர்க்கும் வகைகளையும் அந்நூல் வகுத்துக் கூறுகிறது. நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் அதில் உண்டு. புண்ணுக்குச் செய்யத்தக்க 60 சிகிச்சை முறைகளை எண்ணும் அந்நூல், புண் ஆறியதோடு நில்லாமல், மேடான தழும்பைத் தாழ்த்துதல், பள்ளத்தை உயர்த்துதல், வெளுத்த தழும்பைக் கருமையாக்கல், கறுத்ததை வெளிறச் செய்தல், முடியற்ற இடத்தில் முடி வளர்த்தல் ஆகியவற்றையும் அவ்வரிசையில் சேர்த்துள்ளது. புண் மூடினால் மருத்துவம் முடிந்தது என்று அந்நூலார் கருதவில்லை. காயம் பட்டவர் பழைய தோற்றத்தோடு ஊருக்குள் திரும்பும்போதே அது முடிகிறது.

இக்கைத்தொழில் ஏட்டில் மட்டும் இருந்ததன்று. ஆங்கிலேயர்க்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த போரில், 1792 இல், ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புனே அருகே உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் அவர்க்குப் புது மூக்கு அமைத்தார். மெழுகால் மூக்கின் அச்சு செய்து, அதனை நெற்றியில் தட்டையாக விரித்து, அவ்வளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு இடையே ஓர் ஒட்டை மட்டும் விட்டு, தோலைத் திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்தினார். இதனை ஆங்கில மருத்துவர் இருவர் நேரில் கண்டனர். அச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் வெளிவந்தது. அதனைக் கற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814 இல் இலண்டனில் அதே அறுவையைச் செய்து, 1816 இல் நூலாகவும் வெளியிட்டார். ஐரோப்பாவில் தோற்றச் சீரமைப்பு அறுவை மீண்டும் தழைத்ததற்கு இது ஒரு முதன்மைத் தூண்டுதல்.

ஒட்டு என்னும் சொல்

இத்துறையை உலகம் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்கிறது. இப்பெயரைக் கேட்டவுடன் உடலுக்குள் நெகிழிப் பொருளை வைத்துத் தைப்பர் என்று அஞ்சுவோர் நம்மிடையே இன்றும் உளர். பெயரில் உள்ள 'பிளாஸ்டிக்' நெகிழி அன்று. வடிவமைத்தல், வனைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நாம் இன்று நெகிழி என்று கூறும் பொருள் உருவாகும் முன்னரே மருத்துவத்தில் அச்சொல் வழங்கிவிட்டது. தமிழில் இத்துறைக்கு 'ஒட்டறுவை' என்றும் 'ஒட்டுறுப்பு அறுவை' என்றும் பெயர் இட்டனர். இது பொருள் விளங்கும் பெயர். பேராக் மாநிலத்துத் தமிழர்க்கோ இது மிகவும் பழகிய சொல்லும் ஆகும்.

1877 இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில இரப்பர்க் கன்றுகளில் தொடங்கிய வரலாறு நம் முன்னோரின் வரலாறாகவும் ஆயிற்று. உயர்ந்த மரத்தின் மொட்டை வேறொரு கன்றின் பட்டைக்குள் செருகி வளர்த்த ஒட்டு மரங்களைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் அறிவர். ஒட்டு பிடிக்க வேண்டுமாயின் அடியிலிருந்து அதற்கு உயிர்ச்சாறு ஏற வேண்டும். தோலை ஒட்டுவதிலும் இதுவே விதி. குருதியோட்டம் கிட்டாத தோல் கருகி உதிரும். காவஸ்ஜியின் புருவங்களுக்கிடையே விடப்பட்ட சிறு ஒட்டின் பயன் இதுவே.

தழும்பின் இயல்பையும் இரப்பர் மரத்தைக் கொண்டே விளக்கலாம். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்த பால்வெட்டு முறையின் நுட்பம், பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் விடுவது. படலம் காயப்படாவிடில் சில ஆண்டுகளில் பட்டை வழவழப்பாகப் புதுப்பித்துக்கொள்ளும். மீண்டும் அதே இடத்தில் பால் எடுக்கலாம். கத்தி ஆழப் பதிந்து மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கு முண்டு எழும். பிறகு அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. மனிதத் தோலும் இத்தகையதே. மேல்தோல் மட்டும் உரிந்தால் தடமின்றி ஆறும். காயம் உள்தோல் வரை சென்றால், உடல் முன்பிருந்த தோலை மீண்டும் நெய்வதில்லை. கொலாஜன் என்னும் நாரால் இடைவெளியை அடைத்துவிடுகிறது. அந்த அடைப்பே தழும்பு.

அத்தழும்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். சிவப்பு தணியும், தடிப்பு இளகும். ஆதலின் அவசரமற்ற திருத்த அறுவைக்கு மருத்துவர் காத்திருக்கச் சொல்வர். சிலரிடத்தில் தழும்பு காயத்தின் எல்லையையும் கடந்து படரும். நண்டின் கொடுக்கு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குக் கீலாய்டு என்று பெயர் வைத்தனர். கருந்தோலர்க்கு இது மிகுதி. காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்வதை நம் குடும்பங்களில் பலர் கண்டிருப்பர். இதனை வெட்டி எறிந்தால் மட்டும் போதாது. பெரும்பாலும் மீண்டும், சில வேளை முன்னினும் பெரிதாக வளரும். ஸ்டீராய்டு ஊசி, அழுத்தக் கட்டு, சிலிகான் தகடு, சிலர்க்குக் கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றோடு சேர்த்தே அறுவை செய்யப்படும்.

தழும்புத் திருத்தத்தின் முதற்பயன் அழகு என்று பலர் எண்ணுகின்றனர். தீக்காயம் பட்டவரை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். தீக்காயத் தழும்பு சுருங்கும் தன்மையது. கழுத்தில் பட்டால் மோவாய் மார்போடு இழுபடும். அக்குளில் பட்டால் கை உயராது. விரல்களில் பட்டால் கரண்டியும் பிடிபடாது. இச்சுருக்கத்தை விடுவித்து, வேறிடத்துத் தோலை ஒட்டினால், கை வாய்க்கு எட்டும், கண் மூடும், குழந்தை தலை நிமிரும். சிறிய இழுப்புத் தழும்புக்கு வேறொரு முறை உண்டு. தழும்பின் நெடுக ஒரு வெட்டும், அதன் இரு முனைகளிலும் எதிரெதிராகச் சாய்ந்த வெட்டுகளும் இட்டு, உண்டாகும் இரு முக்கோண மடல்களை இடம் மாற்றித் தைப்பர். 60 பாகைக் கோணத்தில் வெட்டினால், கணக்கின்படி அந்நீளம் 75 விழுக்காடு கூடும். தழும்பின் திசையும் மாறித் தோலின் இயல்பான மடிப்போடு இணைந்து மறையும்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. எந்த அறுவையும் தழும்பை அழிப்பதில்லை. கத்தி படும் இடத்தில் புதிய தழும்பு ஒன்று விழுந்தே தீரும். திருத்தம் என்பது துன்புறுத்தும் ஒரு தழும்பை எடுத்து, துன்புறுத்தாத மற்றொன்றை அவ்விடத்தில் வைப்பது. வடுவாக இருந்ததைத் தழும்பாக்குதல் என்று தமிழில் இதனைச் சொல்லலாம்.

இரண்டு ஊர்கள்

அறுவை மட்டுமே இதனைச் செய்து முடிக்குமா என்பதற்கு இங்கிலாந்தின் இரண்டு ஊர்கள் விடை தருகின்றன. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்க்கு ஹரால்டு கில்லிஸ் என்னும் நியூசிலாந்து நாட்டு மருத்துவர் 1917 முதல் சிட்கப் என்னும் ஊரில் மருத்துவம் செய்தார். அங்கு 5,000க்கும் மேற்பட்ட வீரர்கள் முகச் சீரமைப்புப் பெற்றனர். இன்றைய ஒட்டறுவையின் அடித்தளம் அங்கு இடப்பட்டது. ஆயினும் அவ்வூர்ச் சாலையோரத்தில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தனர் என்று பதிவாகியுள்ளது. சிதைந்த முகத்தோடு வீரர் அங்கு அமர்ந்திருக்கக்கூடும், அஞ்சுவோர் முன்னறிந்து விலகிச் செல்லலாம் என்பது அவ்வண்ணத்தின் பொருள்.

இரண்டாம் உலகப் போரில் கில்லிஸின் உறவினரான ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் ஊரில், வானூர்தியில் தீப்பட்ட வீரர்க்கு அதே மருத்துவத்தைச் செய்தார். அவர் அறுவையோடு நிற்கவில்லை. ஊராரை அழைத்து, இவ்வீரர்கள் உங்கள் தெருவில் நடப்பர், உங்கள் விடுதியில் அமர்வர், உற்றுப் பார்க்கவும் வேண்டா, முகம் திருப்பவும் வேண்டா என்று கேட்டுக்கொண்டார். ஊரார் இசைந்தனர். வீட்டுக்கு அழைத்து உணவளித்தனர், நடனத்துக்கு அழைத்தனர். உற்றுப் பார்க்காத ஊர் என்று அவ்வூருக்குப் பெயர் வந்தது. 1941 இல் அவ்வீரர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கம் போர் முடிவில் 600க்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டிருந்தது. இரண்டு ஊர்களுக்கும் கத்தி ஒன்றே, கலையும் ஒன்றே. கண் மட்டுமே வேறு.

வேலூரில் கண்ட உண்மை

இனித் தமிழகத்துக்கு வருவோம். தழும்புத் திருத்தத்தின் நன்மையை வேறெங்கும் காணாத தெளிவோடு காட்டிய நோய் தொழுநோய். 1914 இல் கொல்லிமலையில் ஆங்கிலச் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்டு, அறுவை மருத்துவராகி 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கு இராபர்ட் காக்ரேன் நோயைக் குணப்படுத்தும் புதிய மருந்தைப் பயன்படுத்தி வந்தார். கிருமி அடங்கியது, ஆனால் மடங்கிய விரல்களும் அழுந்திய மூக்கும் அப்படியே இருந்தன. இவற்றைச் சீர்செய்ய முயன்ற எலும்பு அறுவை மருத்துவர் எவரும் அதுவரை இல்லை என்பதைப் பிராண்டு வியப்போடு அறிந்தார்.

தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதில்லை என்பதை அவர் ஆய்ந்து நிறுவினார். நரம்பு செத்து, வலியுணர்வு அற்றுப்போவதால், சூடும் கூர்மையும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயப்பட்டே விரல்கள் தேய்கின்றன. தசை வாங்கிய விரல்களுக்கு, செயல்படும் வேறு தசையின் நாணை மாற்றிக் கட்டி, அவர் கையைத் திறக்கச் செய்தார். 1951 இல் குணமானோர் தங்கித் தொழில் கற்க வேலூரில் புதுவாழ்வு நிலையம் அமைந்தது. 1955 இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது.

கையைச் சீர்செய்த பின் நேர்ந்தது எதிர்பாராதது. சிலர் திரும்பி வந்து, விரல்கள் நேரானதால் இனிப் பிச்சையும் கிடைக்கவில்லை என்று முறையிட்டதைப் பிராண்டு பதிவு செய்துள்ளார். உழைக்கத் தகுந்த கை கிடைத்தது. வேலை கொடுப்பார் இல்லை. ஏனெனில் முகம் இன்னும் பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது. உதிர்ந்த புருவமும் அமுங்கிய மூக்கும் காணும் கடைக்காரர் கையை நோக்குவதில்லை.

இதன் பின்னரே முகத் திருத்தம் வேலூரில் இன்றியமையாததாயிற்று. தொழுநோயில் மூக்கின் வெளித்தோல் பெரும்பாலும் கெடுவதில்லை. உள்ளிருக்கும் குருத்தெலும்பு கரைந்து, உட்படலம் சுருங்கி, தோலை உள்ளிழுத்துவிடும். கில்லிஸ் வகுத்த முறைப்படி, மேலுதட்டின் உட்புறம் வழியாகச் சென்று தோலை விடுவித்து, அச்சொன்றின் மீது போர்த்திய தோலொட்டை உள்ளே வைத்து, மூக்கை மீண்டும் எழச் செய்தனர். முகத்தில் வெளியே தெரியும் வெட்டு ஒன்றும் இல்லை. புருவத்துக்குத் தலைத்தோலின் ஒரு துண்டை, அதன் குருதிக்குழாயோடு, நெற்றித் தோலின் அடியாகக் கொண்டுவந்து பொருத்தினர். அது தலைமுடியாதலால் நீண்டு வளரும், வெட்டிவிட வேண்டும். மூட இயலாத கண்ணுக்கு, மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பினர். பல்லைக் கடித்தால் கண் மூடும்.

இவற்றுள் எதுவும் கிருமியைக் கொல்லவில்லை. மருந்து அதனை முன்னரே முடித்துவிட்டது. ஆயினும் புருவம் வந்த பின் வேலை கிடைத்தது. மூக்கு எழுந்த பின் பேருந்தில் இடம் கிடைத்தது. நோய் தீர்ந்தது என்பதை மருத்துவச் சான்றிதழ் சொல்லியும் நம்பாத ஊர், முகம் சொன்னபோது நம்பியது. தழும்புத் திருத்தத்தை ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சுங்கை பூலோவும் நாமும்

அதே காலத்தில் மலாயாவில் நிலைமை யாது? 1926 ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வகை செய்தது. 1930 இல் கோலாலம்பூர் அருகே சுங்கை பூலோவில் தொழுநோயர் குடியிருப்புத் திறக்கப்பட்டது. மருத்துவர் டிராவர்ஸ் போன்றோரின் முயற்சியால், சிறைக்கூடம் போலன்றிச் சிறு வீடுகளும் தோட்டங்களும் கொண்ட ஊராக அது அமைந்தது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று பெயரும் பெற்றது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அங்கு வாழ்ந்தனர். 2,000க்கும் மேற்பட்டோர் இருந்த காலமும் உண்டு. அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்டனர்.

தொழுநோய்க்கான கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்தது. கட்டாயத் தனிமை தேவையற்றதாயிற்று. வெளியே செல்லத் தடையில்லாத பின்னும் குணமான பலர் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்று வாழ்ந்தனர். மருந்து வேலியைத் திறந்தது. முகமும் பெயரும் அதனை மீண்டும் அடைத்தன. தோட்டத்து லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த நம் மக்களிடையே, ஒருவர் மீது விழும் பெயர் அவர் வீட்டார் அனைவர் மீதும் விழும் என்பதை இவ்வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் கேட்டு வருவோர் திரும்பிப் போவதற்கு அது போதும்.

நம் சமூகம் எல்லாத் தழும்பையும் இவ்வாறு நடத்தியதா என்றால் இல்லை. அம்மைக் கொப்புளங்களை நாம் முத்து என்கிறோம். கண்ணைக் குருடாக்கி உயிரையும் கவர்ந்த கொடுநோய்க்கு அம்மை என்று தாயின் பெயரே வைத்தோம். அதன் தழும்பு முகத்தில் இருந்தோரை ஊர் விலக்கவில்லை. இவ்வூரின் சித்ரா பௌர்ணமி விழாவில் காவடி எடுப்போர் உடலில் அலகு குத்திய தடம் பக்தியின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. பாம்படமும் தண்டட்டியும் அணிந்து தோளளவு தொங்கிய காது ஒரு தலைமுறைக்கு அழகு. அடுத்த தலைமுறை நாணியதால், அதே காதை அறுத்துச் சுருக்கித் தைத்துக்கொண்ட மூதாட்டியர் உண்டு. காது மாறவில்லை, காண்போரின் சொல் மாறியது. அம்மைக்கு முத்து என்று சொல்லக் கற்ற மொழி, தொழுநோய்க்கு மட்டும் வசைச்சொல்லைக் கொடுத்தது. அவ்வசை இன்றும் நம் தெருக்களில் கோபத்தின் சொல்லாக வழங்குகிறது.

மொழியின் கடன்

இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்து திருத்த முற்பட்டது. 1948 இல் ஹவானாவில் கூடிய பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு, நோயாளியை நோயின் பெயரால் அழைக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, தொழுநோயால் பாதிக்கப்பட்டோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எதிரான வேற்றுமையை ஒழிக்கத் தீர்மானம் இயற்றியது. இந்தியாவில் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019 இல்தான் நீக்கப்பட்டன. கிருமியைக் கொல்லும் மருந்து வந்து எழுபதாண்டுகள் கழிந்த பின்னரே சட்டத்தின் சொல் மாறியது என்பதைக் கருதுக. உடலினும் மொழி மெல்ல ஆறுகிறது.

தமிழில் 'குட்டம்', 'குஷ்டம்' என்பன விலகி, 'தொழுநோய்' என்னும் சொல் எழுத்து வழக்கில் நிலைபெற்றது நன்று. ஆனால் புதிய சொல்லும் பழைய பார்வையோடு வழங்கினால், சில காலத்தில் அதுவும் வசையாகும். மொழியியலார் இதனைப் பல மொழிகளிலும் கண்டுள்ளனர். ஆதலின் சொல்லை மாற்றுவதோடு சொல்லமைப்பையும் மாற்ற வேண்டும். 'தொழுநோயாளி' என்னும்போது நோயே ஆளாகிறது. 'தொழுநோயிலிருந்து குணமானவர்' என்னும்போது ஆள் முதன்மை பெறுகிறார். நோய் அவர்க்கு நேர்ந்து கடந்துபோன ஒன்றாகிறது. தீக்காயம் பட்டவர்க்கும் இதுவே முறை. 'வெந்த மூஞ்சி' என்று பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சூட்டும் பெயரை எந்த ஒட்டறுவையாலும் நீக்க இயலாது. அதனைச் சூட்டாதிருக்க மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இயலும். அது ஆசிரியரும் பெற்றோரும் செய்ய வேண்டிய சிகிச்சை.

திருத்தம் எல்லார்க்கும் வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. 1885 இல் லியோங் சூன் சோங் என்னும் சீனர் கட்டிய இவ்வூர்க் கோபுரம் சாய்ந்தே நிற்கிறது. தெலுக் ஆன்சன் என்னும் பெயர் 1982 இல் தெலுக் இந்தான் ஆயிற்று. கோபுரத்தின் சாய்வை எவரும் நிமிர்த்த முற்படவில்லை. ஊரின் அடையாளமாகவே அது போற்றப்படுகிறது. தம் தழும்போடு அமைதியாக வாழ்வோர் அவ்வாறே வாழலாம். தழும்பன் அவ்வாறு வாழ்ந்து புகழும் பெற்றான். ஆனால் கையை உயர்த்த இயலாதவர்க்கும், கண்ணை மூட இயலாதவர்க்கும், முகம் காட்டி வேலை கேட்க இயலாதவர்க்கும் திருத்த அறுவை ஆடம்பரம் அன்று. அதனை நாடுவோரை, அழகுக்கு ஆசைப்படுகிறார் என்று எள்ளுதல் தகாது. நாடும் முன்னர்த் தழும்பு முதிரும்வரை பொறுத்தலும், கீலாய்டு வளரும் உடல்வாகு உண்டா என்பதை மருத்துவரிடம் சொல்லுதலும், ஒரே அறுவையில் எல்லாம் முடியும் என்று எண்ணாதிருத்தலும் அறிவுடைமை.

சுசுருதரின் காலம் தொட்டு வேலூர் வரை மருத்துவம் கற்றுத் தந்த பாடம் ஒன்றே. தழும்பைக் குறைக்கக் கத்தியும் தோலும் நூலும் போதும். வடுவை நீக்க அவை போதா. தோலில் உள்ளதைத் திருத்துவது மருத்துவர் பணி. நாவில் உள்ளதைத் திருத்துவது மொழியைக் காக்க அவை கூடும் நம் பணி. அம்மைக்கு முத்து என்று பெயர் கண்ட தமிழுக்கு அது அரிய செயல் அன்று.